கண்டெடுத்த குழந்தையும் பொதுக் கருவூலமும்

கலீஃபா உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள் ஆட்சி புரிந்த காலம் (கி.பி. 634–644). பனூ ஸுலைம் குலத்தைச் சேர்ந்த அபூ ஜமீலா என்பவர், எவரோ விட்டுச் சென்ற பச்சிளங் குழந்தையொன்றைக் கண்டெடுத்துக் கலீஃபாவின் முன் கொண்டுவந்தார். உமர் (ரலி) அவர்கள் முதலில் அவரை ஐயத்தோடு நோக்கினார்கள். இந்த உயிரை நீர் ஏன் எடுத்தீர் என்று வினவினார்கள். கேட்பாரற்றுக் கிடந்தது, விட்டால் மாண்டுவிடும் என்று எடுத்தேன் என்றார் அவர். அவருடைய குலத்துப் பொறுப்பாளர் எழுந்து, அமீருல் மூமினீன் அவர்களே, இவர் நல்ல மனிதர் எனச் சான்று பகர்ந்தார். அவ்வளவில் கலீஃபாவின் ஐயம் அகன்றது. அந்த அவையிலேயே தீர்ப்பும் பிறந்தது.

அத்தீர்ப்பில் மூன்று கூறுகள் உள்ளன. குழந்தை சுதந்திரமானது, எவருக்கும் அடிமையன்று என்பது ஒன்று. 'வலா' என்னும் பிணைப்பு எடுத்தவருக்குரியது என்பது மற்றொன்று. குழந்தைக்கு ஆகும் செலவு பைத்துல்மாலைச் சாரும் என்பது மூன்றாவது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' இந்நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துள்ளது. 'வலா' பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. நாம் ஈண்டு ஆராயப் புகுவது மூன்றாவது கூற்றையே.

ஃபிக்ஹு நூல்களில் 'லகீத்' என்னும் பாடம் இச்செய்தியைத் தாங்கி நிற்கிறது. மத்ரஸாக்களில் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்லப்படும் பாடம் அது. இந்தக் காலத்தில் இதற்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தெருவில் குழந்தையைக் கண்டெடுத்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதுதானே என்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

ஒரு விதியும் ஓர் அழுகுரலும்

இமாம்கள் லகீத் பாடத்தில் வகுத்த வரிசை தெளிவானது. கைவிடப்பட்ட குழந்தையை எடுப்பது சமுதாயத்தின் மீது கூட்டுக் கடமை. விட்டால் அது அழிந்துவிடும் என்னும் நிலையில், கண்டவர் மீதே தனிக் கடமையாகிறது. குழந்தையோடு பொருள் ஏதேனும் கிடைத்தால் செலவு அதிலிருந்து, இல்லையேல் பைத்துல்மாலிலிருந்து, அதிலும் இல்லையேல் முஸ்லிம்கள் அனைவர் மீதும். எடுத்தவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பின்னர் திரும்பப் பெற விரும்பினால், காஜியின் முன் அனுமதி வேண்டும் என்று ஹனஃபி நூல்கள் கூறும். அனுமதியின்றிச் செலவிட்டால் அது அவர் மனமுவந்து அளித்த கொடையாகிவிடும். ஆக, பொதுப் பணத்தைக் கேட்பவர் முறைப்படி கேட்க வேண்டும் என்பதையும், சான்று நோக்கியே வழங்க வேண்டும் என்பதையும் நம் முன்னோர் ஒப்புக்கொண்டனர். உமர் (ரலி) அவர்களும் விசாரித்த பின்னரே வழங்கினார்கள். ஆனால் விசாரணை ஓர் அமர்வில் முடிந்தது.

கண்டெடுத்த குழந்தைகளுக்கு உமர் (ரலி) அவர்கள் நூறு திர்ஹம் ஒதுக்கியதும், அதனை வளர்ப்பவர் மாதந்தோறும் பெற்றுக்கொள்ளத் தனிப்படி வைத்ததும், ஆண்டுக்கு ஆண்டு அதனை உயர்த்தியதும் வரலாற்று நூல்களில் காணப்படுகின்றன. குழந்தை வளர வளரச் செலவும் வளரும் என்பதை உணர்ந்த ஆட்சி அது.

அதே ஆட்சியில் ஒரு விதி தவறாகவும் போயிற்று. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் விதித்திருந்தார்கள். ஒரு நாள் மதீனாவின் புறத்தே வணிகக் கூட்டமொன்று தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு இரவுக் காவல் புரிந்த கலீஃபாவின் செவியில் ஒரு குழந்தையின் அழுகை விழுந்தது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இறுதியில் அப்பெண், வந்தவர் யாரென அறியாமலே உண்மையைச் சொன்னாள்: பால் மறந்த பிள்ளைக்கே உமர் பணம் தருகிறார், ஆகவே காலத்துக்கு முன்பே பாலை நிறுத்துகிறேன் என்றாள். அன்று சுப்ஹுத் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையில் கரைந்து பின்னிருந்தோருக்குக் கேட்கவில்லை. தம் விதியினால் எத்தனைப் பிள்ளைகள் துன்புற்றனவோ என்று கலங்கினார்கள். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என அன்றே பறைசாற்றி, மாகாணங்களுக்கும் எழுதினார்கள்.

கருவூலத்தைக் காக்க இடும் வரம்பு சில வேளைகளில் குழந்தையையே வருத்திவிடும். அதை அறிந்தவுடன் விதியைத் திருத்துவது ஆட்சியாளரின் கடமை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டு, இனி வேறொரு நாட்டின் வரலாற்றுக்குச் செல்வோம். எடுத்து வளர்ப்பவரின் சுமையில் அரசுக்கு எவ்வளவு பங்கு என்னும் கேள்வியை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகச் சட்டமாகவும் கணக்காகவும் பேசிவரும் நாடு இங்கிலாந்து. அங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்களும் அக்கேள்விக்கு உட்பட்டவையே.

கப்பல் தலைவர் கோரம்

தாமஸ் கோரம் என்பவர் கடலோடி வாழ்ந்த கப்பல் தலைவர். முதுமையை நெருங்கி லண்டனில் குடியேறியபோது, சாலையோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாதவரானார். இக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் வேண்டுமென்று பதினேழு ஆண்டுகள் செல்வர் வீடுகளின் படியேறினார். முறையற்ற பிறப்புகளை ஊக்குவிக்கும் செயல் என்று பலர் கதவடைத்தனர். உயர்குடிப் பெண்மணிகள் இருபத்தொருவர் கையொப்பமிட்ட பின்னரே வழி பிறந்தது. 1739-ஆம் ஆண்டில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் சாசனம் கிடைத்தது. 1741 மார்ச் 25 இரவு கதவு திறந்தபோது, முதல் நாளிலேயே 30 குழந்தைகள் வந்துசேர்ந்தனர். தாய்மார் கூட்டம் இடத்தை மிஞ்சவே, பையிலிருந்து வண்ணப் பந்தை எடுக்கச் செய்து குலுக்கல் முறையில் சேர்க்கும் நிலை அடுத்த ஆண்டே ஏற்பட்டது. வெள்ளைப் பந்து கிடைத்தவளின் பிள்ளைக்கு இடம். கறுப்புப் பந்து கிடைத்தவள் பிள்ளையோடு திரும்பினாள்.

1756-இல் நாடாளுமன்றம் முன்வந்தது. முதலில் 10,000 பவுண்டு வழங்கிற்று. கொண்டுவரும் குழந்தை எதையும் மறுக்கக் கூடாது என்பது நிபந்தனை. வாயிலில் கூடையொன்று தொங்கவிடப்பட்டது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் குழந்தைகள் பொதிபோல் சுமந்துவரப்பட்டனர். வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. நான்கு ஆண்டுகளில் 14,934 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிழைக்கவில்லை. செலவு பெருகியதைக் கண்ட நாடாளுமன்றம் 1760-இல் கையை மடக்கிக்கொண்டது. ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் சில ஆண்டுகள் வழங்கிவந்தது.

பொதுப்பணம் வந்த விதத்தையும் சென்ற விதத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். போதிய ஏற்பாடின்றி ஒரே நாளில் கதவைத் திறந்தார்கள். பிறகு ஒரே நாளில் மூடினார்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கியவை குழந்தைகள்.

இன்னொரு செய்தியும் உண்டு. இல்லத்தில் சேர்ந்த குழந்தைகள் நாட்டுப்புறத்துச் செவிலித் தாய்மாரிடம் வளர அனுப்பப்பட்டனர். அத்தாய்மாருக்கு இல்லம் கூலி கொடுத்தது. ஏறத்தாழ ஐந்து வயதில் பிள்ளை மீண்டும் லண்டனுக்கு அழைத்துக்கொள்ளப்பட்டது. பெற்றவளைப் பிரிந்த குழந்தை, தாயென்றே எண்ணியிருந்த மற்றொருத்தியையும் பிரிந்தது. பாலுக்கும் துணிக்கும் கணக்கு எழுதியவர்கள் இந்தப் பிரிவுக்குக் கணக்கு எழுதவில்லை. அக்காலத்தில் அதற்கு ஏடும் இல்லை. எழுதும் அறிவும் இல்லை.

சட்டம் வந்தது

தத்தெடுத்தல் என்பது 1926 வரை இங்கிலாந்தின் சட்டத்தில் இல்லை. எடுத்து வளர்ப்பவர் இருந்தனர். ஆயினும் பெற்றவர் எந்நாளும் வந்து பிள்ளையைக் கேட்கலாம் என்னும் அச்சத்தோடேயே வாழ்ந்தனர். முதல் உலகப்போர் தந்தையற்ற குழந்தைகளைப் பெருக்கிய பின், 1926-இல் தத்தெடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மீராஸ் எனப்படும் வாரிசுரிமையில் கருத்தூன்றும் நம் வாசகர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. அம்முதற் சட்டம் தத்துப்பிள்ளைக்கு வளர்த்தவரின் சொத்தில் வாரிசுரிமை அளிக்கவில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை வழங்கிற்று.

அன்று தத்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் பிறந்து சில வாரங்களேயான குழந்தைகள். மணமாகாத தாய், ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிக் கொடுத்துவிடுவாள். பிள்ளைப்பேறற்ற தம்பதியர் வாங்கிக்கொள்வர். பழைய பெயர் மறைக்கப்படும். புதிய வாழ்வு தொடங்கும். 1968-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 24,800-க்கு மேற்பட்ட தத்தெடுப்புகள் நிகழ்ந்தன. அதுவே உச்சம். அதன்பின் சமூகம் மாறியது. தாய்மார் தம் பிள்ளைகளைத் தாமே வளர்க்கலாயினர். எண்ணிக்கை வீழ்ந்தது.

இக்காலத்தில் இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்படுவோர் ஆண்டுக்கு மூவாயிரத்தை ஒட்டியவர்களே. இவர்கள் தாய் மனமுவந்து கொடுத்த கைக்குழந்தைகள் அல்லர். வீட்டில் அடியும் பட்டினியும் புறக்கணிப்பும் கண்டு, போதைப் பொருளாலும் குடியாலும் சிதைந்த குடும்பத்தினின்று நீதிமன்ற ஆணையால் அகற்றப்பட்டவர்களே மிகுதி. அவர்களுட் சிலர் தாயின் கருவிலிருக்கும்போதே மதுவின் நஞ்சுக்கு ஆளானவர்கள். சட்டத்தில் 'தத்தெடுப்பு' என்னும் சொல் மாறவில்லை. அச்சொல்லுக்குள் வரும் பிள்ளை மாறிவிட்டது. நாம் பேசவந்த துன்பத்தின் வேர் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத காயம்

தாயன்பை இழந்த குழந்தையின் உள்ளத்தில் நேர்வது யாது என்பதை ஆராய்ந்தவர்களுள் லண்டன் மருத்துவர் ஜான் போல்பி முதன்மையானவர். உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய ஆய்வு 1951-இல் வெளிவந்தது. உணவைப் போலவே நிலையான அன்பும் குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பது அவர் நிறுவிய கருத்து.

ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989-இல் கவிழ்ந்த பின்னர், அந்நாட்டு அநாதை இல்லங்களின் கொடுமை உலகுக்குத் தெரிந்தது. அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்து தத்தெடுக்கப்பட்டவர்களில் 165 பிள்ளைகளைப் பேராசிரியர் மைக்கேல் ரட்டரும் அவர்தம் துணைவரும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாதத்துக்கு முன்பே மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே தேறினர். அதற்குமேல் அங்குக் கிடந்தவர்களில் பலர், நல்ல வீட்டில் ஆண்டுகள் பல வளர்ந்த பின்னும், இளமைப் பருவம் வரை அக்காயத்தைச் சுமந்தனர். ஒரு பகுதியினர் முற்றிலும் நலமாகவும் விளங்கினர் என்பதையும் சொல்ல வேண்டும். காயம் உண்மை, அது விதியன்று.

இத்தகைய பிள்ளை வீட்டுக்கு வந்தால் என்ன நேரும்? உணவைத் தலையணைக்கடியில் பதுக்கும்; நாளைக்குக் கிடைக்குமென்னும் நம்பிக்கை அதற்கில்லை. இரவில் அலறும். அன்போடு நீட்டிய கையையே கடிக்கும். அந்தக் கையும் ஒரு நாள் விட்டுவிடும் என்பது அது கற்ற பாடம். பள்ளியிலிருந்து விலக்கப்படும். வளர்ந்தபின் தாயை அடிக்கும் பிள்ளையும் உண்டு. அன்பு ஒன்றே போதும் என்று எண்ணி எடுத்தவர்கள், அன்போடு தேர்ந்த மருத்துவமும் வேண்டும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்தனர். விளையாட்டின் வழியே அளிக்கும் சிகிச்சை, ஓவியத்தின் வழியே அளிக்கும் சிகிச்சை, பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே அமர்த்தி நம்பிக்கையை வளர்க்கும் சிகிச்சை, பிள்ளையின் முற்கால வாழ்வை அதற்கே பக்குவமாக எடுத்துரைக்கும் முறை எனப் பல தோன்றின. எல்லாவற்றுக்கும் பயின்ற கைகள் வேண்டும். மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் காலமும் வேண்டும். இவற்றுக்குரிய பணம் யாருடையது?

மதிப்பீடு உண்டு, உதவி உறுதியில்லை

2002-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு மற்றும் குழந்தைகள் சட்டம் இக்கேள்விக்கு அரை விடை அளித்தது. தத்தெடுத்த குடும்பம் கேட்டால், அதன் தேவைகளை உள்ளாட்சி மன்றம் மதிப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் மதிப்பிட்ட பின் உதவி வழங்குவதா இல்லையா என்பது மன்றத்தின் முடிவு. நோயைப் பார்க்க மருத்துவர் கடமைப்பட்டவர். மருந்து தரக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதைப் போன்றது இது. உமர் (ரலி) அவர்களின் அவையில் மதிப்பீடும் வழங்குதலும் ஒரே மூச்சில் நிகழ்ந்தன. இங்கே இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் வெட்டப்பட்டது. பல குடும்பங்கள் அப்பள்ளத்தில் விழுந்தன.

பிள்ளையை ஒப்படைத்த மன்றம் ஓரிடத்தில். குடும்பம் வாழும் ஊர் வேறிடத்தில். தத்தாணை பிறந்த மூன்றாண்டுகள் வரை ஒப்படைத்த மன்றத்துக்கே மதிப்பீட்டுப் பொறுப்பு. அதன்பின் வாழும் ஊரின் மன்றத்துக்கு. துன்பம் பெரும்பாலும் பிள்ளை பதின்பருவத்தை எட்டும்போதுதான் முற்றுகிறது. அப்போது புதிய மன்றத்தின் வாயிலில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அரசு மருத்துவத் துறையின் மனநலப் பிரிவுக்குச் சென்றால், இது வளர்ப்புச் சிக்கல், சமூக நலத் துறையிடம் செல்க என்பர். அங்குச் சென்றால், இது நோய், மருத்துவத் துறையிடம் செல்க என்பர். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெற்றோரைப் பார்த்து, உங்கள் வளர்ப்பில்தான் பிழையோ என்று கேட்போரும் உண்டு. தம் பிள்ளையின் குறைகளை அந்நியர்முன் அடுக்கி, நிலைமை மோசம் என்று மெய்ப்பித்தாலொழிய உதவியில்லை என்னும் நிலை ஒரு தாய்க்கு எவ்வளவு கூசும் என்பதை வாசகர்களே உணர்வீர்கள்.

நிதி பிறந்ததும் குறுகியதும்

இந்த இடைவெளியை நிரப்பவே 'தத்தெடுப்பு ஆதரவு நிதி' தோன்றியது. 2014-இல் சில மன்றங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2015 மே மாதம் இங்கிலாந்து முழுவதற்கும் விரிந்தது. முதலாண்டு ஒதுக்கீடு 1 கோடியே 93 இலட்சம் பவுண்டு. குடும்பம் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. சமூக நலப் பணியாளர் வந்து மதிப்பிட்டு, மன்றத்தின் வழியே விண்ணப்பம் சென்று, ஒப்புதல் வந்தபின் சிகிச்சை தொடங்கும். ஒப்புதலுக்கு முன் தாமே செலவிட்ட பணம் திரும்பக் கிடைக்காது. நம் ஹனஃபி இமாம்கள் வைத்த நிபந்தனையை இது ஒத்திருக்கிறது. வேறுபாடு என்னவெனில், காஜியின் வாயில் அருகில் இருந்தது.

ஆயினும் இந்நிதி பல வீடுகளில் விளக்கேற்றியது என்பதை மறைப்பது நேர்மையாகாது. தேவை எதிர்பார்த்ததினும் மிகுந்தது. 2016 அக்டோபரில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு என்னும் வரம்பு வந்தது. தேர்ந்த நிபுணரின் மதிப்பீட்டுக்கு 2,500 பவுண்டு வரை தனியே பெறவும் வழியிருந்தது. அதனினும் மிகுதியாகத் தேவைப்படும் பிள்ளைகளுக்கு உள்ளாட்சி மன்றமும் நிதியும் பாதிப்பாதி சுமக்கும் ஏற்பாடும் இருந்தது.

2025 மார்ச் 31-உடன் நிதியின் காலம் முடிந்தது. அன்றுவரை அடுத்த ஆண்டு பற்றி அறிவிப்பில்லை. சிகிச்சை தொடருமா, பாதியில் நிற்குமா என்று குடும்பங்களும் சிகிச்சையாளர்களும் தவித்தனர். ஏப்ரல் முதல் நாள், 5 கோடி பவுண்டு உண்டு என அறிவிப்பு வந்தது. பெருமூச்சு விட்டவர்கள் இரு வாரங்களில் மறு செய்தி கேட்டனர். வரம்பு 5,000-இலிருந்து 3,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. மதிப்பீட்டுக்கென இருந்த தனித்தொகை நீக்கப்பட்டது. பாதிப்பாதி ஏற்பாடும் நிறுத்தப்பட்டது. தத்தெடுத்தோர் அமைப்புகள் கண்டித்தன. நாடாளுமன்றத்திலும் வினா எழுந்தது.

அரசின் வாதத்தையும் கேட்க வேண்டும். கேட்போர் பெருகிவிட்டனர்; கருவூலம் அளவுள்ளது; ஒவ்வொருவருக்கும் சிறிது குறைத்தால் கூடுதலான பிள்ளைகளுக்குப் பகிரலாம் என்றனர். கருவூலம் அளவுள்ளது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்பு தனியே அளித்த 2,500 பவுண்டு முழுவதையும் மதிப்பீட்டுக்கே செலவிட்டால், அவ்வாண்டில் சிகிச்சைக்கு எஞ்சுவது 500. நோய் இன்னதென்று சொல்லிவிட்டு மருந்துக்குக் காசில்லை என்னும் பழைய பள்ளம் வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. பாதிப்பாதி ஏற்பாட்டின் முடிவால் அடிபட்டவர்களும் மிகவும் நொந்த பிள்ளைகளே. பசி மிகுந்தவனின் தட்டிலிருந்து எடுத்துப் பலருக்கும் பகிர்வதைச் சமநீதி என்று கூறுவது கடினம்.

குழந்தையை வளர்க்க இயலாத குடும்பம் மனமுடைந்து திருப்பி ஒப்படைத்தால், அரசே அதன் முழுச் செலவையும் ஆண்டுக்கணக்கில் ஏற்க வேண்டிவரும். சிகிச்சையில் மிச்சம் பிடித்த பணம் அப்போது பன்மடங்காக வெளியேறும். அதனினும் பெரிது, ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை இரண்டாம் முறையும் கைவிடப்படுவது. கோரம் இல்லத்துப் பிள்ளைகள் ஐந்து வயதில் பட்ட பாடு அது.

நமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

தத்தெடுத்தல் நம் மார்க்கத்தில் இல்லையே, நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அது முழு உண்மையன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை மகனாகவே வளர்த்தார்கள். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஜைது என்றே அழைத்தனர். 'அல் அஹ்ஸாப்' அத்தியாயத்தின் கட்டளை இறங்கிய பின் அவர் தம் தந்தையின் பெயருக்குத் திரும்பினார். மாறியது பெயரின் வழிமுறை, அன்பு மாறவில்லை. ஹிஜ்ரி 8-இல் மூத்தா படைக்குத் தலைமை ஏற்றவர் அவரே. எனவே மார்க்கம் விலக்கியது குலத்தை மறைப்பதையும் வாரிசுரிமையைக் கலப்பதையும்தான். எடுத்து வளர்ப்பதை அது விலக்கவில்லை. எத்தீமை ஏற்போருக்கு உயர்ந்த பதவியையே வாக்களித்துள்ளது. எத்தீமாக வளர்ந்த நபியின் உம்மத்தல்லவா நாம்!

இங்கிலாந்தின் சட்டமும் மெல்ல மெல்ல இந்த உண்மையை நெருங்கி வந்திருப்பது சிந்திக்கத்தக்கது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம், தத்தெடுக்கப்பட்டோர் பதினெட்டு வயதில் தம் பிறப்புச் சான்றைக் கேட்டுப் பெறும் உரிமையை வழங்கியது. மறைத்தல் தீங்கு என்பதை அவர்கள் அனுபவத்தால் கண்டனர். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் 'சிறப்புப் பாதுகாவலர்' என்னும் நிலையை உண்டாக்கியது. 2005 டிசம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளை தன் பிறப்புக் குடும்பத்தின் பெயரையும் உறவையும் இழப்பதில்லை; வளர்ப்பவருக்குப் பிள்ளை வளரும்வரை உறுதியான பொறுப்பும் உரிமையும் உண்டு. சமய, பண்பாட்டுக் காரணங்களால் தத்தெடுப்பை ஏற்க இயலாதவர்களையும் கருதியே இம்முறை வகுக்கப்பட்டது. நம் 'கஃபாலா'வுக்கு இது மிக அண்மையது. 2016 ஏப்ரல் முதல், அரசுப் பராமரிப்பிலிருந்து இம்முறையில் வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கும் மேற்சொன்ன நிதி விரிந்தது. ஆகவே 2025-இன் குறைப்பு, பேரனை ஏற்ற பாட்டியையும், தங்கை பிள்ளையை ஏற்ற மாமனையும், அவர்களுள் முஸ்லிம் இல்லங்களையும் தொட்டது.

வழி யாது?

ஆண்டுதோறும் இல்லை என்று சொல்லக்கூடிய பணத்தைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஆறும் காயத்துக்கு மருந்திடுவது எங்ஙனம்? இவ்விடத்தில் நம் முன்னோரின் வக்ஃபு முறை நினைவுக்கு வருகிறது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனை, மன்னர் ஆண்டுதோறும் மனம் வைத்து அளித்த கொடையால் நடந்ததன்று. கடைகளும் நிலங்களும் அதற்கென எழுதிவைக்கப்பட்டன. அவற்றின் வருவாய் அரசர்கள் மாறிய பின்னும் வந்துகொண்டிருந்தது. மனம் பேதலித்தோருக்கும் அங்கு இடமிருந்தது. நோயாளியின் காலமும் பணத்தின் காலமும் ஒத்துச்சென்றால்தான் சிகிச்சை முழுமை பெறும் என்பதை அம்முறை உணர்த்துகிறது. எந்த நாட்டு அரசானாலும், இப்பிள்ளைகளுக்கென ஒதுக்குவதைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்துவிட்டால், பெற்றோரின் பாதிச் சுமை அந்நாளே இறங்கிவிடும்.

இனி, லகீத் பாடத்துக்கு இந்தக் காலத்தில் என்ன வேலை என்று மாணவர் கேட்டால் சொல்ல விடையுண்டு. அப்பாடத்தில் 'நஃபகா' என்னும் சொல் உணவையும் உடையையும் உறைவிடத்தையும் குறித்தது; அன்று உயிர் காக்க வேண்டியவை அவை. இன்று ஒரு பிள்ளை வயிறு நிரம்பியும் உள்ளம் மடிந்து கிடக்கிறதென்றால், அதன் உள்ளத்தைக் காப்பதும் அச்சொல்லின் பொருளில் அடங்கும் என்பதே இவ்வெளியேனின் கருத்து. அறிஞர் பெருமக்கள் ஆராய்ந்து கூறுவார்களாக.

அபூ ஜமீலா ஏழையா செல்வரா என்று கலீஃபா கேட்கவில்லை. எடுத்தது நீர்தானே, சுமப்பதும் உம் பாடு என்றும் சொல்லவில்லை. அவருடைய நன்மையை ஏற்றுக்கொண்டு, அதன் செலவை ஊரார் அனைவரின் பெயரிலும் எழுதினார்கள். சமுதாயம் கைவிட்ட குழந்தையைச் சமுதாயத்தின் சார்பில் ஒருவர் எடுத்தார். ஆகவே செலவு சமுதாயத்தினுடையது. நம் ஜமாஅத்துகளில் உறவினர் பிள்ளையை எடுத்து வளர்க்கும் பாட்டிமாரும் சாச்சிமாரும் பலர் உள்ளனர். அவர்களைப் பார்க்கும்போது, நல்ல காரியம் என்று வாயாரப் பாராட்டிவிட்டு நகர்கிறோம். செலவுக்கு என்ன செய்கிறீர்கள், பிள்ளை இரவில் உறங்குகிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எத்தீம்களின் உள்ளத்தையும் அவர்களை ஏற்ற கைகளையும் வல்ல நாயன் வலுப்படுத்துவானாக. அவர்களுக்காகக் கேட்கும் நாவையும் கொடுக்கும் மனத்தையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.